பின் இருக்கைக்காரி

"நேரம் பத்தல மேடம்," என்றார் மாசிலாமணி.

பெனாசிர் சிரித்துவிட்டாள்.

"ஆறு நிமிஷம் குடுக்கிறாங்க. நீங்க ரெண்டாவது நிமிஷத்துலயே கம்பத்தைச் சாய்ச்சுட்டு வந்து நிக்கிறீங்க. எங்க சார் பத்தல?"

சீடருக்கு ஐம்பத்து நான்கு வயது, செங்கல் சூளையில் மேஸ்திரி. கார் ஓட்டக் கற்றுத்தரும் குருவுக்கு அதில் பாதி வயதுதான்.

உரிமத் தேர்வில் இரண்டு முறை தோற்றாயிற்று. பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். நாளையோடு முடிகிறது. இன்றும் கோட்டை விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மகளுக்கோ இது ஒன்பதாம் மாதம். ஆஸ்பத்திரி இருபது கிலோமீட்டர், கூப்பிட்டால் வர ஊரில் ஒரு வண்டி கிடையாது. பாவம், மனிதர் தூங்கியே பல நாளாகியிருந்தது.

உச்சி வெயில். தேர்வு மைதானத்தில் காத்திருந்த நாலைந்து கார்களைத் தவிர காக்கைகூட இல்லை. காருக்குள் இருவரும் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

"அவசரப்படாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் அவசரப்படல. அவதான் அவசரப்படுத்துறா."

"யாரு?"

மாசிலாமணி திரும்பாமலே கட்டைவிரலால் தோளுக்குப் பின்னால் காட்டினார். பின் இருக்கை காலியாக இருந்தது.

"என் சம்சாரம். போன வருஷம் நோவுல துடிச்சப்ப வாடகைக் கார் வர ஒரு மணி நேரமாச்சு. போற வழியிலயே, பின் சீட்டுல போயிட்டா. இப்ப நான் வண்டிய எடுத்தா போதும், காதுகிட்ட மூச்சு விடுறா. சீக்கிரம், சீக்கிரம்ங்கிறா."

அந்த வெயிலிலும் பெனாசிருக்கு முதுகு சில்லிட்டது. பயந்துதான் போனாள். காட்டிக்கொள்ளவில்லை.

இறங்கினாள். முதுகுவலிக்காகத் தன் இருக்கையில் வைத்திருந்த தலையணையை எடுத்தாள். பின்கதவைத் திறந்து, காலி இருக்கையின் ஓரத்தில் அதைச் சாய்த்து வைத்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"நோவோட ஒருத்தங்க பின்னாடி படுத்திருக்காங்க. இப்படியா சார் தூக்கிப் போட்டு ஓட்டுவீங்க?"

மாசிலாமணி முதல் முறையாகத் திரும்பிப் பின் இருக்கையைப் பார்த்தார்.

ஒலிபெருக்கி அவர் எண்ணைக் கூப்பிட்டது. ஓட்டுபவர் மட்டும்தான் உள்ளே இருக்கலாம். பெனாசிர் வேலியோரம் ஒதுங்கினாள்.

சிவப்பு எழுத்துக் கடிகாரம் ஓடத் தொடங்கியது. கார் நகர்கிறதா என்றே முதலில் தெரியவில்லை.

"பெருசு, பாயை விரிச்சுப் படுத்துட்டியா?" என்று அடுத்த காரிலிருந்து ஒருவன் கத்தினான்.

மூன்று நிமிடம். கார் வளைவில் பின்னோக்கித் திரும்பியது. மாசிலாமணியின் உதடுகள் அசைந்தன. பின்கண்ணாடிக்குள் ஒரு தலை சாய்ந்திருப்பது போலிருந்தது. தலையணைதான் என்று பெனாசிர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஐந்து நிமிடம். கம்பங்களுக்கு நடுவே கார் ஊர்ந்து வந்தது.

ஐந்து நிமிடம் ஐம்பது நொடியில் சக்கரம் மஞ்சள் முடிவுக் கோட்டைத் தாண்டியது. ஒரு கம்பமும் அசையவில்லை. தேர்ச்சி என்றது ஒலிபெருக்கி.

பெனாசிர் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"பாஸ் சார்! மகளுக்குப் போன் போடுங்க! இறங்குங்க!"

மாசிலாமணி கண்ணாடியைப் பாதி இறக்கி, உதட்டில் விரல் வைத்தார்.

"சத்தம் போடாதீங்க மேடம். இப்பதான் கண் அசந்தா."