வட்டம் எங்கே முடிகிறது

அருவி விழும் சத்தம் அரண்மனை வரை கேட்கிற ஒரு நாட்டை முன்பொரு சமயம் விருதராசன் என்ற அரசன் ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காது, அவ்வளவுதான். அவனிடம் பதினைந்து வருடம் அமைச்சராக இருந்த கூத்தர், அரசனின் முகத்தைப் பார்த்தே அன்றைக்குக் குடை வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடுவார் என்பார்கள்.

அந்தப் பதவியின் மேல் திருவேகம்பர் என்ற பிரபுவுக்கு வெகுநாளாகக் கண். அவர் ஒரு நாள் சபையில் ஒரு படத்தை விரித்தார். அருவிக்குக் கீழே அணை, அணைக்குக் கீழே நூறு நீர்ச்சக்கரங்கள். தண்ணீரே நெல் குத்தும், செக்காட்டும், கரும்பு பிழியும். செலவுக்கான பொன்னைக் கடனாகத் தர வெளிநாட்டு வணிகர்கள் தயார். அரசர் பிணை நின்று முத்திரை வைத்தால் போதும். லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு, யோசனை சொன்னவர் என்ற முறையில், ஏகம்பருக்கு.

அரசனுக்குச் சக்கரம் பிடித்துப்போயிற்று. ஊரைக் கூட்டி அபிப்பிராயம் கேட்டான். எட்டு நாள் விவாதம் நடந்தது. கோடையில் அருவி நூலாக இளைத்துவிடுமே, சக்கரம் நின்றால் கடனை யார் கட்டுவது என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஏகம்பர் ஒரே பதில் சொன்னார்: அரசர் இருக்கிறார். அதற்கு மேல் கேட்டால் அரசரை நம்பாதவன் என்றாகிவிடும். கேட்டவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

அரசனிடம் அவ்வளவு பொன் கிடையாது என்பது கூத்தருக்குத் தெரியும். சக்கரம் நின்றால் வணிகர்கள் ஊர்க் களஞ்சியத்துக்குத்தான் வருவார்கள். அங்கே இருப்பது விதைநெல். அது போனால் அடுத்த வருடம் ஊர் எதை விதைக்கும்? எட்டாம் நாள் மாலை அவர் பேச எழுந்தபோது அரசன் கையை உயர்த்தினான்.

"போதும் கூத்தரே. பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நாளைக் காலை வாருங்கள். வாயைத் திறக்காமல் எனக்குப் புரியவையுங்கள். ஒரு சொல் பேசினாலும் முத்திரை விழும், உங்கள் பதவியும் ஏகம்பருக்குப் போகும்."

"நல்ல ஏற்பாடு," என்றார் ஏகம்பர். "அமைச்சரின் தொண்டைக்கும் ஓய்வு கிடைக்கும்."

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடன் வாங்கியவன் இழுத்தடித்தால், கொடுத்தவன் அவனைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போடுவான். கடனை அடைக்காமல் அதைத் தாண்டக் கூடாது. பிணை நின்றவனுக்கும் அதே வட்டம்தான். அரசனுக்கும் விலக்கில்லை.

மறுநாள் கூத்தர் ஒரு பை சுண்ணாம்புப் பொடியோடு வந்தார். நேரே போய் ஏகம்பரைச் சுற்றி வட்டம் போட்டார். ஏகம்பர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "ஆள் மாறிவிட்டதே ஐயா. பிணை நிற்கப்போவது நானா?"

கூத்தர் அதை அழித்துவிட்டு அரசனைச் சுற்றிப் போட்டார். "அதனால் என்ன, கொடுத்துவிட்டு வெளியே வருவேன்," என்றான் அரசன். எதைக் கொடுப்பீர்கள் என்பதுபோல் கூத்தர் களஞ்சியத்துச் சாவியை எடுத்து அவன் முன்னால் ஆட்டிக் காட்டினார். பிறகு அந்த வட்டத்தையும் அழித்தார். அரண்மனை வாசலுக்கு வெளியே போய், குனிந்து, மதிலை ஒட்டி ஒரு கோடு இழுத்துக்கொண்டே நடந்தார்.

அரசனுக்கு ஆர்வம் வந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனான். அவன் போனதால் சபையும் போயிற்று.

கோடு நெசவாளர் தெருவின் கொல்லைப்புறமாகப் போய், களஞ்சியத்தைச் சுற்றி, குயவர் சூளை வரை வந்தது. அங்கே பொடி தீர்ந்துவிட்டது. கூத்தர் பையை உதறிப் பார்த்தார். ஏகம்பர் இருமினார்.

குயவர் வீட்டுச் செங்கமலம் வாசலில் நின்று கோட்டைப் பார்த்தாள், அரசனைப் பார்த்தாள், காலிப் பையைப் பார்த்தாள். "எங்களையும் உள்ளே வைத்துத்தான் போடுகிறீர்களா ஐயா?"

கூத்தர் தலையசைத்தார்.

"அப்படியானால் பாதியில் நிற்கக் கூடாது," என்று உள்ளே போய்க் கோலமாவுச் சட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அவருக்குத் தொண்டை வரை ஒரு சொல் வந்தது. விழுங்கிவிட்டுக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். ஒரு பிடி மாவு, மாவு இல்லாத வீட்டில் உமி, அதுவும் இல்லாத வீட்டில் அடுப்புச் சாம்பல். கோடு நிறம் மாறி மாறி ஆற்றங்கரை வரை போய், கரையோடு திரும்பி, உச்சி வெயிலில் அரண்மனை வாசலில் வந்து சேர்ந்தது.

அரசன் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். "என் ஒரு முத்திரைக்கு இத்தனை பேரும் வட்டத்துக்குள்ளா?" என்றான். கூத்தர் தலையசைத்தார். அரசன் எதையோ தேடுவதுபோல் சுற்றிலும் பார்த்தான்.

"ஏகம்பரே, உங்கள் மாளிகை எங்கே?"

"காற்று வரட்டும் என்று அக்கரையில் கட்டிக்கொண்டேன், அரசே."

"நல்லது. அந்த மாளிகையை முதல் பிணையாக எழுதிக் கொடுங்கள். இப்போதே முத்திரை வைக்கிறேன்."

ஏகம்பர் அருவிப் பக்கம் பார்த்தார். மாளிகைப் பக்கம் பார்த்தார். "கோடையில் தண்ணீர் எப்படி வருகிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டு..." என்று இழுத்தார்.

எட்டு நாளாக ஊர் கேட்ட கேள்வி அது. முதலில் சிரித்தவள் செங்கமலம். பிறகு தெருவே சிரித்தது. ஏகம்பர் கையிலிருந்த படத்தைச் சுருட்டிக்கொண்டார்.

"கூத்தரே, இனிப் பேசலாம்," என்றான் அரசன். "என்ன வேண்டும், கேளுங்கள்."

கூத்தர் அவனிடம் வரவில்லை. செங்கமலத்திடம் போனார். காலையிலிருந்து மூடிய வாயில் முதல் சொல் கரகரத்தது.

"மாவுக்கு நன்றி அம்மா."

பிறகுதான் அரசனிடம் திரும்பினார். "கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ஒரு மரக்கால் மாவு வேண்டும். உங்களுக்கும் நன்றி, அரசே. நீங்கள் பின்னால் நடந்து வராமல் இருந்திருந்தால், நான் தெருவில் கோடு போட்ட பைத்தியமாகத்தான் இருந்திருப்பேன்."

"கால் வலிக்கிறது," என்றான் அரசன். "நன்றி சொல்ல வேண்டியவன் நான்."

மாவு மூட்டையைச் சுமந்துபோய் வீடுவீடாக அளந்து கொடுக்கும் பொறுப்பு ஏகம்பருக்கு வந்தது. அரசன் தன் பொற்பல்லக்கை விற்று வாய்க்காலில் ஒரே ஒரு சக்கரம் வைத்தான். மழைக்காலத்தில் அது நெல் குத்தியது. கோடையில் சும்மா நின்றது. நின்றபோது யார் வீட்டிலும் ஒரு மணி நெல் குறையவில்லை.

இப்போதும் அந்த ஊரில் யாராவது பெரிய திட்டத்தோடு வந்தால் உட்காரச் சொல்லி மோர் கொடுத்து, உங்கள் வீடு எந்தக் கரையில் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்களாம்.