பாலித்தீன் கிழியாத நாற்காலி

தென்காசியில கோமதிநாயகம் அண்ணாச்சின்னு ஒரு ஜவுளிக்கடைக்காரரு. சேலை எடுத்துப் போடுற பொம்பளைக உக்கார நாற்காலி போடணும்னு சட்டம் வந்தாலும் வந்துச்சு, மனுசனுக்குப் பித்தம் தலைக்கேறிப்போச்சு. எட்டு நாற்காலி வாங்கிப் போட்டாரு, ஆனா ஒருத்தியையும் உக்கார விடல. எல்லாருக்கும் காலு வீங்கினதுதான் மிச்சம்.

ஒருநாள் தொழிலாளர் ஆபீசர் வந்துட்டாரு. அண்ணாச்சி ஓடிப்போய், சேலை எடுத்துப் போடுற பேச்சியம்மா காதைக் கடிச்சாரு. "ஏட்டி, ஒரு குறை சொன்ன, நாளைக்கு வேலை கெடையாது. என்னைப் புகழ்ந்துதான் பேசணும்!"

"நாற்காலியெல்லாம் ஒழுங்காக் குடுத்திருக்காராம்மா?"ன்னு ஆபீசர் கேட்டாரு.

"அதை ஏன் கேக்கிய சார்! எங்க அண்ணாச்சி மாதிரி பொருளைப் பேணுத ஆளு ஊருலயே கெடையாது. வாங்கி எட்டு மாசமாச்சு, மேல சுத்துன பாலித்தீன்ல ஒரு கீறல் உண்டுமா, பாருங்க!"

ஆபீசர் பாத்தாரு. வெலைச் சீட்டுகூட உரியல. நோட்டீசை எழுதி அண்ணாச்சி கையில குடுத்துட்டு, பாலித்தீனை அவரே கிழிச்சாரு. எட்டுப் பொம்பளைகளும் உக்காந்தாச்சு.

ஆபீசர் அந்தப் பக்கம் போனதும் அண்ணாச்சி குதிச்சாரு. "மானத்தை வாங்கிட்டியேட்டி!"

"நின்னுக்கிட்டே இருந்தா அப்படித்தான் கோவம் வரும் அண்ணாச்சி, எங்களுக்குத் தெரியாதா?"ன்னா பேச்சியம்மா, காலை நல்லா நீட்டிக்கிட்டு.