வால் மறைந்த பல்லி

கதை நீளமில்லை. விடையை நான் ஒளித்துவைக்கவும் இல்லை. வழியிலேயே போட்டுக்கொண்டு போகிறேன். பொறுக்கிக்கொள்பவர் கெட்டிக்காரர்.

திருச்சியில் இருதயராஜ் என்று ஒரு கல்யாண போட்டோகிராபர். முகூர்த்தம் இல்லாத நாட்களில் அவனுக்கு வேறு பைத்தியம். ஊர்ச் சுவர்களில் யார் யாரோ வரைந்துவிட்டுப் போகும் ஓவியங்களைத் தேடித் தேடிப் படமெடுப்பான். ஆறு வருடத்தில் நானூறு சுவர். அதில் பாதி இன்று இல்லை, வெள்ளையடித்தாயிற்று. எல்லாவற்றையும் புத்தகமாகப் போட வேண்டும் என்று ஆசை. இந்த வேலையில் அவனுக்கு ஒரே எதிரி சுவரொட்டிதான். ஓவியத்தின் மேல் காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ ஒட்டியிருந்தால், ஒட்டியவனின் ஏழு தலைமுறையையும் திட்டிவிட்டு, அந்த மூலையை வெட்டி எறிந்துவிட்டுத்தான் படத்தைச் சேர்த்துவைப்பான். கேமராவில் தேதி ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. பேட்டரி மாற்றினால் பத்து வருடம் பின்னால் போய்விடும். திருத்த அவனுக்குச் சோம்பல்.

அந்தச் சுவர்களில் நல்லவை எதுவோ அதன் கீழ் மூலையில் ஒரு பச்சைப் பல்லி இருக்கும். வரைபவரை ஊர் 'பல்லி' என்றே அழைத்தது. ஆள் யாரென்று தெரிந்தவன் இருதயராஜ் ஒருவன்தான். வசுமதி, ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சர். வரையும்போது படமெடுக்க அவள் ஒரே நிபந்தனையில் ஒத்துக்கொண்டாள்.

"என் மொகம், என் பேரு, ரெண்டும் உங்ககிட்டருந்து வெளிய போகக் கூடாது. வேலை போச்சுன்னா எங்க வீட்ல அடுப்பு எரியாது."

அவன் கேமராமேல் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் பின்சுவரிலேயே அவள் வரைந்தாள். பெரிய கறையான் புற்று, அதில் செருகிய கோப்புகள், உச்சியில் ஒரு நாற்காலி, நாற்காலியில் மீசையோடு ஓர் அதிகாரி. மீசை அச்சு அசலாக இருந்ததுதான் வினை. தூரிகையும் கையுமாக அவள் நிற்பதை இருதயராஜ் எடுத்தான். சுவரை மட்டும் தனியாக எடுக்கச் செவ்வாய்க்கிழமை போனால், மூலையில் கண்ணீர் அஞ்சலி. வெல்டிங் பட்டறை சவரிமுத்து திங்கட்கிழமை காலமானார், செவ்வாய் மாலை நாலு மணிக்கு நல்லடக்கம், அனைவரும் வருக. பல்லியின் தலை வெளியே, உடம்பு சவரிமுத்துவுக்கு அடியில். பசை விட்டு மடிந்த ஓரத்தில் வால்நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. அவன் வழக்கம்போலத் திட்டிக்கொண்டே நாலு படம் எடுத்தான். கழிசல் என்று ஒதுக்கினான்.

முகாமுக்குப் போயிருந்த அதிகாரி வெள்ளிக்கிழமை திரும்பினார். பார்த்தார். அன்றே சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னார். ஐந்து நாளாகச் சுவரைக் கவனிக்காத காவலாளி தன் தலை தப்ப வேண்டுமே, வியாழன் மாலைவரை சுவர் சுத்தமாக இருந்தது என்று அடித்துச் சொன்னான். பத்து நாள் வேலைக்கு ஓசூர் போயிருந்து, வியாழன் மாலைதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தான் பழனிமுத்து. விளம்பரம் எழுதும் பெயின்டர். பட்டாவுக்காக அந்த அதிகாரியோடு நாலு பேர் முன்னால் சண்டை போட்டவன். இது போதாதா? பிடித்துக்கொண்டு போனார்கள். சுவரை முன்பே பார்த்தவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். ஸ்டேஷன் என்றதும் ஒருவருக்கும் கண் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை வசுமதி போனில் அழைத்தாள். "பழனிமுத்து மேல குடுத்த புகாரை நான்தாங்க டைப் அடிச்சேன்" என்றாள். பிறகு அழுதாள். சொல்லிவிடுங்கள் என்றும் சொல்லவில்லை, சொல்லாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

இருதயராஜ், அவள் முகம் இருந்த ஞாயிற்றுக்கிழமை மெமரி கார்டைத் தனியாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, செவ்வாய்க்கிழமைக் கார்டு கிடந்த கேமராவோடு தானாகவே ஸ்டேஷனுக்குப் போய் மாட்டிக்கொண்டான். பழனிமுத்து ஊர் திரும்புவதற்கு முன்பே அந்த ஓவியம் அங்கே இருந்தது என்றான். இன்ஸ்பெக்டர் கேமராவை வாங்கி, அதிலிருந்த தேதியைப் பார்த்துச் சிரித்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"பத்து வருஷத்துக்கு முந்தியே எடுத்துட்டீங்களா தம்பி? சரி, அவன் வரையலைன்னா வேற யாரு? தெரிஞ்சா சொல்லுங்க. நாலு மணிக்கு இவனை மாஜிஸ்திரேட்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

பெஞ்சில் உட்கார்ந்தான். எதிரே பழனிமுத்து தரையில் குந்தியிருந்தான். இவன் முகத்தையே பார்த்தான். மணி ஒன்று, இரண்டு, மூன்று. பையிலிருந்த கார்டு நெஞ்சைச் சுட்டது. அதை எடுத்து நீட்டினால் இந்த மனிதன் வீட்டுக்குப் போவான், அந்தப் பெண் இங்கே வந்து உட்காருவாள். நீட்டாவிட்டால் தான் மனிதனே இல்லை என்று தோன்றியது. இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

கேட்பவர்களே, இப்போது நீங்கள் அந்த பெஞ்சில் உட்காருங்கள். வாக்கும் முறியக் கூடாது, பழனிமுத்துவும் சிறைக்குப் போகக் கூடாது. இருதயராஜ் எதைக் காட்ட வேண்டும்?

விடை: மேசைமேல் இருந்த கேமராவில் கிடந்த கழிசலை. கேமராவின் தேதி பொய் சொல்லலாம், சவரிமுத்துவின் சாவு பொய் சொல்லாது. அடக்கத்துக்கு வாருங்கள் என்ற சுவரொட்டியை அடக்கம் முடிந்தபின் யாரும் ஒட்டமாட்டார்கள். அதற்கு அடியில் பல்லியின் வால் இருந்தால், செவ்வாய்க்கிழமையே ஓவியம் இருந்திருக்கிறது. பழனிமுத்து அன்று ஓசூரில். மூன்றரை மணிக்குத்தான் இது அவனுக்கு உறைத்தது. இன்ஸ்பெக்டர் சுவரொட்டி ஒட்டியவரை வரவழைத்து விசாரித்துவிட்டு, பழனிமுத்துவை அனுப்பிவைத்தார். இருதயராஜுக்கு வெட்கமாக இருந்தது. வெட்டி எறிவதே பழக்கமாகிவிட்டதால் அத்தனை நேரம் ஒருவனைத் தரையில் உட்காரவைத்துவிட்டானே.

வாசலில் பழனிமுத்து நின்றான். "யாரு வரைஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்டான். இருதயராஜ் தலையைக் குனிந்துகொண்டு, தெரியும் என்றான்.

"சொல்லிடாதீங்க" என்றான் பழனிமுத்து. "உள்ள உக்காந்து பாத்துட்டேன். இன்னொருத்தருக்கு அது வேணாம்."