தடித்த தந்தி மேலே வந்த கதை

அந்தக் காலத்தில் யானையும் பேசும், இழுத்துக் கட்டிய தந்தியும் பேசும். அப்போது ஒரு மலைச் சரிவில் கோரன் என்றொருவன் தன் அக்கா வெள்ளச்சியோடு இருந்தான். அவனிடம் முழங்கி என்றொரு வாத்தியம் இருந்தது. இன்றைய பேஸ் கிட்டாருக்கு அதுதான் பாட்டன். நீண்ட கழுத்து, அகன்ற உடம்பு, நான்கு தந்திகள். மடியில் வைத்தால் மெல்லிய தந்தி நெஞ்சுக்குப் பக்கமாக மேலே இருக்கும். தடித்த தந்தி முழங்காலுக்குப் பக்கமாகக் கீழே இருக்கும். சுருதியிலும் மெல்லியதன் குரல் மேலே, தடித்ததன் குரல் கீழே. அதனால் வெள்ளச்சி பாடிக்கொண்டே மேல் தந்தி என்றாலும் கீழ்த் தந்தி என்றாலும் அவன் விரல் தயங்கியதே இல்லை.

அந்தக் கீழ்த் தந்தியை நம்பி ஒரு யானைக் கூட்டமே இருந்தது. பனி மூடும் மாதத்தில் யானைகள் மலையை விட்டு இறங்கும். வழியின் ஒரு பக்கம் பெரும் பள்ளம்; எதிரே நிற்பது கூடத் தெரியாது. கோரன் அடிவாரப் பாறையில் உட்கார்ந்து கீழ்த் தந்தியை மீட்டுவான். அந்த அதிர்வு பாறை வழியே ஓடி யானைகளின் பாதத்தில் ஏறும். அது வரும் திசை பிடித்து அவை இறங்கிவிடும்.

ஒரு வருஷம் மழையில் உருண்டு வந்த கல் கோரனின் வலது கையை நசுக்கிவிட்டது. வெள்ளச்சி பச்சிலை அரைத்துக் கட்டி எவ்வளவோ பார்த்தாள். கட்டைவிரல் மட்டும் பிழைத்தது. மற்ற நான்கும் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. வாத்தியத்தின் மேல் விளிம்பில் கையை ஊன்றினால் கட்டைவிரலுக்கு மெல்லிய தந்திதான் எட்டியது. அவன் முழங்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பாமலே சாப்பிட்டான், திரும்பாமலே படுத்தான்.

பனி இறங்கிய காலையில் மேலேயிருந்து தாய் யானை கூப்பிட்டது.

"கோரா, காலடி தெரியவில்லை. குட்டி வழுக்கிக்கொண்டே இருக்கிறது. எங்கே உன் தந்தி?"

வெள்ளச்சி முழங்கியைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு ஓடினாள். அவளே மீட்டிப் பார்த்தாள். பழகாத கை, ஒலி காற்றோடு போனது, பாறையில் இறங்கவில்லை. பின்னாலேயே வந்த கோரன் கொஞ்ச நேரம் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, தந்திகளை அவிழ்த்து வரிசையை மாற்று. தடித்தது மேலே வரட்டும்," என்றான்.

தடித்த தந்தி நடுங்கியது. மேலே போனால் தன்னை மேல் தந்தி என்பார்களே, பேரும் போய்விட்டால் தனக்கு என்ன மிச்சம் என்று கேட்டது. மெல்லியதும் அழுதது. கீழே தள்ளப்பட்டால் இனி அதுதானே கீழ்த் தந்தி.

கோரனுக்கு அவற்றின் பயம் புரிந்தது. கல் விழும்வரை வாத்தியக்காரன் என்ற பேரோடு இருந்தவன்தானே அவனும்.

"உங்கள் இடத்தைத்தான் கேட்கிறேன், பேரைக் கேட்கவில்லை," என்றான். "எங்கே இருந்தாலும் உங்களைக் குரலை வைத்தே கூப்பிடுவேன். இது சத்தியம்."

தந்திகள் இணங்கின. வெள்ளச்சி கடைசி முடிச்சை இறுக்குவதற்குள் மேலே கற்கள் சரியும் சத்தம் கேட்டது. கோரனின் கட்டைவிரல் தடித்த தந்தியில் விழுந்தது. பாறை அதிர்ந்தது. அவன் நிறுத்தவே இல்லை. விரல் கிழிந்து ரத்தம் வந்தபோதும் நிறுத்தவில்லை. பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக யானைகள் வந்தன. கடைசியாக, தாயின் வாலைப் பிடித்துக்கொண்டு குட்டி வந்தது. தாய் யானை துதிக்கையை நீட்டி அவனுடைய மடங்கிய விரல்களைத் தடவியது. கல் விழுந்த நாளில்கூட அழாத கோரன் அப்போது அழுதான்.

வாக்கை அவன் கடைசிவரை காப்பாற்றினான். மற்ற வாத்தியக்காரர்களும் அவனைப் பார்த்து அதே வரிசையில் தந்தி கட்டினார்கள். ஆனால் அவன் செய்த சத்தியம் சிலர் காதில்தான் விழுந்தது.

அன்று முதல்தான், மேடையில் ஒருவர் கீழ்த் தந்தியைச் சரிபண்ணச் சொன்னால், குரலை நினைப்பவர் மேலே உள்ள தடித்த தந்தியைத் தொடுகிறார். கண்ணை நம்புபவர் கீழே உள்ள மெல்லிய தந்தியைத் தொடுகிறார். கச்சேரி தொடங்குமுன் சொன்னவரும் தொட்டவரும் முறைத்துக்கொள்கிறார்கள். இருவர் மேலும் தப்பில்லை. தந்திகளுக்குக் கொடுத்த வாக்கு அப்படி.