காலி அறையில் பெயர் கூப்பிட்டவர்

ஏகாம்பரத்துக்குத் தன் குருவைவிட வயது கூடுதல். குருவோ பெண். ஊர் சும்மா இருக்குமா? "நரைச்ச தலை குனியுது, கறுத்த தலை நிமிருது" என்று கேலி பேசியது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குமுதவல்லி அம்மையிடம் பாடம் கேட்ட எத்தனையோ பேரில் அவரைத்தான் மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியராக அம்மை அமர்த்தியிருந்தார். அந்தப் பெருமை ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பள்ளிக்கூடம் என்பது ஒரே ஒரு கல் அறை. ஒரு வாசல், ஒரு கதவு, ஏகாம்பரத்துக்கு ஒரு முக்காலி. வாசலில் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். உள்ளே வரும் பிள்ளை காலைத் தட்டிவிட்டு வர வேண்டும். வீட்டு வம்பு, தெருப்பேச்சு, ஆடு மாடு கதையெல்லாம் அந்தத் தூசியோடு போய்விட வேண்டும். வெளியே போகும் பிள்ளை சிலேட்டை அடுக்கிவைத்துவிட்டு வெறுங்கையோடு போக வேண்டும்.

"வெளியில உள்ளது வெளியில. உள்ள இருக்கது உள்ள" என்பார். பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டு வாசற்படியைத் தாண்டுவார்கள்.

பாடம் சிந்தாமல் சிதறாமல் இருக்க அதுதான் வழி என்று அவர் நம்பினார். நம்பிக்கையும் பலித்தது. அந்த அறைக்குள் எந்தப் பிள்ளையை எழுப்பிக் கேட்டாலும் வாய்ப்பாடு தண்ணீர் பட்ட பாடுதான்.

ஒரு நாள் ஆடு வளர்க்கும் தளவாய் வாசலில் வந்து நின்றார். அவர் மகள் மாடத்திதான் பள்ளிக்கூடத்திலேயே கெட்டிக்காரி.

"ஐயா, எம்மவ இங்க பேசுதாளா?"

"என்ன கேள்வி இது? நேத்துக்கூட பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழா ஒப்பிச்சா."

"வீட்ல பேசலய்யா. ஆடி மாசத்துல இருந்து ஒரு வார்த்த கிடையாது."

"வெக்கமா இருக்கும்."

"பெத்த தாய்கிட்டயா?"

ஏகாம்பரம் முக்காலியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தார். தளவாய் தொடர்ந்தார்.

"முன்னெல்லாம் பட்டி வாசல்ல நின்னு ஒவ்வொரு ஆட்டையும் பேர் சொல்லிக் கூப்பிடுவா. எது இன்னும் வரலன்னு அவளுக்குத்தான் தெரியும். இப்ப ஆடு அவளைப் பாக்குது, அவ ஆட்டைப் பாக்கா. கண்ணு தொறந்திருக்கு, உள்ள ஆள் இல்ல. பெத்தவளுக்கே அவளைத் தொட பயமா இருக்கு." தளவாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "படிப்பு வராட்டா போகட்டும்யா. இருந்ததும்லா போச்சு. அமாவாசை கழிஞ்சதும் நான் அவளை அனுப்ப மாட்டேன்."

அவர் போன பிறகு ஏகாம்பரத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. கெட்டிக்காரப் பிள்ளை போனால் மற்ற பிள்ளைகளும் பின்னாலேயே போய்விடுவார்களே என்ற கவலையும் வந்தது. அதெல்லாம் அடங்கிய பிறகு மாடத்தியின் முகம் நினைவுக்கு வந்தது. அன்று மாலையே குருவைத் தேடி மலையேறினார்.

அம்மை சுனையோரத்தில் விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் தளவாய் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"அம்மா, பள்ளிக்கூடத்துல கத்துக்கிடுத பிள்ளைக்கு வெளியிலயும் படிப்பு நிக்கணும்னா, பள்ளிக்கூடம் என்ன செய்யணும்?"

"நாளைக்கு என்ன நாள்?"

"அமாவாசை. விடுமுறை."

"உச்சிப்பொழுதுக்குப் போய்க் கதவைத் திறங்க. பேர் கூப்பிடுங்க."

"பிள்ளைங்க யாரும் இருக்க மாட்டாங்களே அம்மா."

"கூப்பிடுங்க. நானும் வாறேன்."

மறுநாள் வெயில் உச்சந்தலையில் இறங்கியது. அந்த நேரத்தில் நாய்கூட வெளியே தலை நீட்டாது. ஏகாம்பரம் பூட்டைத் திறந்தார். அம்மை வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார்.

பூட்டிக் கிடந்த கல் அறை குளிர்ந்திருக்க வேண்டும். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. பிள்ளைகளின் வேர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்த வாடை அடித்தது. சிலேட்டுகள் அடுக்கியபடியே இருந்தன. ஆள் யாரும் இல்லை.

ஏகாம்பரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். வெற்று அறையைப் பார்த்துப் பெயர் சொல்ல வெட்கமாக இருந்தது. குரு சொல்லைத் தட்டவும் முடியாது.

"ஆவுடையப்பன்."

"உள்ளேன் ஐயா."

தூணுக்குப் பக்கத்தில் ஆவுடையப்பன் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்துதான் குரல் வந்தது. அந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. வாசலில் அம்மை நின்றார்.

"கோமதி."

"உள்ளேன் ஐயா."

"சங்கரலிங்கம்."

"உள்ளேன் ஐயா." எப்போதும்போல மூக்கடைத்த குரல்.

பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் பதில் சொன்னது. கடைசியாக, "மாடத்தி" என்றார்.

"உள்ளேன் ஐயா."

அந்தக் குரல் அதோடு நிற்கவில்லை. யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனது. "கருமறை, வா. செவலை, வா. சுட்டி, வா, வா..."

எங்கோ ஒரு தொண்டை செருமியது. மாடத்தியின் குரல் சட்டென்று அறுந்தது.

செருமியது அம்மை என்று நினைத்து ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். அம்மை உதட்டை அசைத்ததாகவே தெரியவில்லை. அதற்கு மேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. வேட்டி தடுக்க வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் இருக்காங்களா?" என்று கேட்டார் அம்மை.

"இருக்காங்க அம்மா."

"அப்ப சாயங்காலம் வீட்டுக்கு யாரை அனுப்பிவைக்கீங்க?"

வெயிலில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரத்துக்குக் குளிரெடுத்தது. ஆடி மாதத்தில் ஒரு காலை, புதிதாய்ப் பிறந்த குட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே மாடத்தி ஓடிவந்தாள். அந்தப் பேச்சு நிற்கிறவரைக்கும் அவளை வாசலில் நிறுத்தி, திரும்பத் திரும்பக் காலைத் தட்டவைத்தார். அன்றைக்கு அது ஒழுங்காகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசியது.

"நான் என்ன செய்யணும் அம்மா?"

"பூட்டினவர்தான் கொண்டுபோய் விடணும்."

அன்று பொழுது சாயும் நேரத்தில் ஏகாம்பரம் தளவாயின் ஆட்டுப்பட்டிக்குப் போனார். ஆடுகள் மேய்ச்சலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தன. மாடத்தி பட்டி வாசலில் நின்றாள். அவரைப் பார்த்தாள். தெரிந்தவரைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

"பாடம் சொல்ல வந்தீங்களாய்யா?" என்றார் தளவாய், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு.

"இல்ல. ஆடு அடைக்க வந்தேன்."

வெள்ளை வேட்டியோடு புழுக்கையில் இறங்கினார். தளவாய்க்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏகாம்பரம் பட்டி வாசலில் நின்று, வெற்று அறையில் கேட்ட பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்.

"கருமறை, வா. செவலை, வா."

ஒரு ஆடும் அவரை மதிக்கவில்லை. அதது தன் பாட்டுக்கு உள்ளே போனது. நெற்றியில் வெள்ளை விழுந்த ஆடு ஒன்று வந்தது. அதன் காதைப் பிடித்துக்கொண்டு, "சுட்டி, உள்ள போ" என்றார்.

மாடத்தியின் நெற்றி சுருங்கியது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஏகாம்பரம் ஆட்டின் காதை விடவில்லை. இன்னொரு தடவை சொன்னார். "சுட்டிதானே நீ? போ உள்ள."

"அது சுட்டி இல்ல ஐயா."

துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறந்ததுபோல இருந்தது குரல். குடிசைக்குள்ளே பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது.

"அது சுட்டியோட அக்கா. சுட்டி இன்னும் வரல." மாடத்தி விரலை நீட்டி உள்ளே பார்த்தாள். "நாலு நாலு பதினாறு. இங்க பதினஞ்சுதான் நிக்கி. ஒண்ணு குறையுது ஐயா."

அவள் அம்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மாடத்தி பிடியை விலக்கிக்கொண்டு ஓடைப்பக்கம் ஓடினாள். முள்ளில் சிக்கிக் கிடந்த சுட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது, அதை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தாள். தளவாய் ஏகாம்பரத்துக்குக் கால் கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றினார்.

மறுநாளிலிருந்து மாலையானால் ஏகாம்பரம் பிள்ளைகளோடு கிளம்பினார். சிலேட்டுகளும் கிளம்பின. ஆவுடையப்பனோடு செக்கடிக்குப் போய் அவன் எண்ணெய் அளப்பதைப் பார்த்தார். கோமதியின் அத்தை பூ எப்படி எண்ணுகிறாள் என்று கேட்டுக்கொண்டார். காலையில் பிள்ளைகள் வாய் நிறையக் கதையோடு உள்ளே வந்தார்கள். யாரையும் காலைத் தட்டச் சொல்லவில்லை. வாத்தியார் வீடு வீடாகப் பிச்சைக்குக் கிளம்பிவிட்டார் என்று ஊர் சிரித்தது.

பௌர்ணமி விடுமுறை வந்தது. உச்சிப்பொழுதில் அம்மையும் வந்தார். ஏகாம்பரம் கதவைத் திறந்தார். கல் அறை குளிர்ந்து கிடந்தது.

"ஆவுடையப்பன்."

பதில் இல்லை.

"கோமதி. சங்கரலிங்கம்."

கல் கல்லாகவே இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு காத்திருந்தார். கடைசியில், "மாடத்தி" என்றார். வெகுநேரம் காது கொடுத்து நின்றார். வெளியே காற்று வீசியது, அவ்வளவுதான். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"முடிஞ்சுதா?" என்றார் அம்மை.

"முடிஞ்சுது அம்மா. உள்ள யாரும் இல்ல."

"ஒரு பேர் விட்டுப்போச்சே."

"எல்லாரையும் கூப்பிட்டுட்டேனே."

"உங்க பேரு."

ஏகாம்பரம் சிரித்தார். அம்மை சிரிக்கவில்லை. சிரிப்பை நிறுத்திக்கொண்டு அறையைப் பார்த்துத் திரும்பினார். தன் பெயரைத் தானே சொல்ல அவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் நினைத்ததில்லை.

"ஏகாம்பரம்."

முக்காலியில் ஒரு தொண்டை செருமியது.

"உள்ளேன்."

களைத்துப்போன குரல். ஏகாம்பரம் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா... அதை யாரு வந்து வெளியில கூட்டிட்டுப் போவா?"

அம்மை வாசலை விட்டு ஒதுங்கி நின்றார். வெளியே வெயிலில், தோளில் ஒரு குட்டியோடு மாடத்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் ஏகாம்பரத்தைப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டி, உள்ளே கிடந்த முக்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வரச் சொல்லல. அவளாத்தான் வந்து நிக்கா" என்றார் அம்மை. "எது இன்னும் வரலன்னு அவளுக்குத்தானே தெரியும்."