கழற்றாத காப்பு

பிள்ளைகளே, பெரியவர்களே, கொஞ்சம் காதைக் கொடுங்கள். வெகு காலத்துக்கு முன்னே, குளிர்காற்று ஓயாத இங்கிலாந்துக் கடற்கரையில் வுல்ஸ்டன் என்றொரு சாக்சன் அரசன் இருந்தான். சின்ன நாடு, நல்ல மண், உழைக்கிற சனங்கள். ஒரே தலைவலி, வடகடலிலிருந்து வரும் வைக்கிங் கொள்ளையர்கள்.

அவர்கள் தலைவன் தோர்கில். அறுவடை முடிந்ததும் கப்பலில் வந்து இறங்குவான். களஞ்சியத்தைக் கொளுத்துவான், மாடுகளை ஓட்டிப்போவான்.

முதல் முறை வுல்ஸ்டன் அவனை மடக்கினான். நம் ஊரில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வதில்லையா? அங்கே வேதப் புத்தகத்தின்மேல் கைவைப்பார்கள். தோர்கிலும் வைத்தான். "இனி வரமாட்டேன்" என்றான். அரசன் விட்டுவிட்டான். மறு வருஷமே தோர்கில் வந்து நின்றான்.

இரண்டாம் முறையும் பிடிபட்டான். அதே புத்தகம், அதே பேச்சு. மறு வருஷம் மறுபடி வந்தான். அவனுக்குச் சத்தியம் சர்க்கரைப் பொங்கல்!

"இன்னொரு தடவை அவனை விட்டுவைத்தால் நாங்கள் விதைக்கமாட்டோம். ஊரைக் காலி செய்துவிட்டுப் போகிறோம்" என்று குடியானவர்கள் அழுதார்கள். அன்று அரசனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குடிகள் போய்விட்டால் அவன் யாருக்கு அரசன்?

மூன்றாம் முறை, கடல் வற்றும் நேரத்தில், தோர்கிலின் கப்பல்கள் ஆற்றுமுகத்துச் சேற்றில் தரைதட்டி நின்றன. சாக்சன் படை சூழ்ந்துகொண்டது.

"அடியாத மாடு படியாது அரசே, வெட்டிவிடுவோம்" என்றார் சேனாதிபதி கத்ரெட்.

"வெட்டினால் பழிவாங்க அவன் பங்காளிகள் கடல் கொள்ளாத கப்பல்களோடு வருவார்களே" என்றான் அரசன்.

தோர்கில் சிரித்தான். "புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சத்தியம் செய்கிறேன்." சொல்லிக்கொண்டே இடக்கையிலிருந்த இரும்புக் காப்பைக் கழற்றித் தன் ஆளிடம் நீட்டினான்.

அரசனுக்குச் சுருக்கென்றது. போன முறையும் கழற்றினான். அதற்கு முந்தின முறையும் கழற்றினான்.

"புத்தகம் வேண்டாம். காப்பைப் போட்டுக்கொள். அதன்மேல் கைவைத்துச் சொல்."

தோர்கிலின் சிரிப்பு அணைந்தது. "இது என் சாமி காப்பு. இதைத் தொட்டுப் பொய் சொன்னவன் கப்பலில் என் ஆட்களில் எவனும் ஏறமாட்டான்."

"அதனால்தான் கேட்கிறேன்."

அவன் ஆட்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோர்கில் காப்பை மாட்டிக்கொண்டு, வலக்கையை அதன்மேல் வைத்தான். "இந்தக் கரையில் என் காலும் படாது, என்னைச் சேர்ந்தவர்கள் காலும் படாது."

கடல் ஏறியதும் அரசன் அவர்களைப் போகவிட்டான். "மறுபடியும் விட்டுவிட்டீர்களே" என்று கத்ரெட் தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த அறுவடையில் தூரத்தே தோர்கிலின் கப்பல் பாய்கள் தெரிந்தன. குடியானவர்கள் மூட்டை கட்ட ஓடினார்கள். வுல்ஸ்டன் மட்டும் வாளை எடுக்காமல் கரையில் போய் நின்றான். கப்பல்கள் நெருங்கின, தயங்கின, கரைக்குத் திரும்பாமலே கடந்துபோயின. மூட்டையை அவிழ்த்துவிட்டு எல்லோரும் கதிர் அறுக்கப் போனார்கள்.

ஆகவே, சத்தியம் வாங்குகிறவன், எதிரே நிற்பவன் எதற்கு அஞ்சுவான் என்று அறிந்து, அதன்மேல்தான் வாங்க வேண்டும்.