பேச்சு மரத்தில் சேர்ந்த கௌதாரி

ஏரிக்கரையில் பட்டுப்போன இலுப்பை மரம் ஒன்று நின்றது. காட்டுப் பறவைகள் அதைப் பேச்சு மரம் என்று அழைத்தன. காலை வெயில் ஏறியதும் எல்லாப் பறவைகளும் அங்கே கூடும். யார் வேண்டுமானாலும் கிளையில் உட்கார்ந்து தன் சேதியைச் சொல்லலாம். பிடித்திருந்தால் மற்றவை சிறகைத் தட்டும்.

தவிட்டி என்ற கௌதாரி அந்த மரத்தில் புதிதாகச் சேர்ந்தாள். சேர்ந்த முதல் நாளே அவளுடைய நிம்மதி போயிற்று. அதற்குக் காரணம் நீலமணி என்ற மீன்கொத்தி.

நீலமணி உச்சிக் கிளையில் உட்கார்ந்து, அன்று தான் பிடித்த கெண்டையைப் பற்றிச் சொன்னாள். மரமே அதிரும்படி எல்லாரும் சிறகு தட்டினார்கள். அடுத்து தவிட்டி, தான் கறையான் புற்றைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னாள். ஒரு கிழட்டுப் புறா மட்டும் இரண்டு தட்டுத் தட்டியது. அதுவும் தூக்கக் கலக்கத்தில் தட்டியதோ என்னவோ.

தவிட்டிக்கு வயிறு எரிந்தது. புதருக்குத் திரும்பி முட்டைகள்மேல் உட்கார்ந்த பிறகும் அது அடங்கவில்லை. அந்த நீல நிறம் மட்டும் இல்லையென்றால் நீலமணியை யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கணவன் வரியனிடம் பொருமினாள். வரியன், பிடிக்கவில்லையென்றால் அங்கே போகாதே என்றான். அவளால் போகாமல் இருக்க முடியவில்லை. நீலமணி இன்று என்ன சொன்னாள், எத்தனை பேர் தட்டினார்கள் என்று தெரியாவிட்டால் அவளுக்கு இரை இறங்கவில்லை.

நான்காம் நாள், மரத்தடிக் கள்ளிப் புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கௌதாரிக் குரல்தான். தான் மேட்டுக்காட்டுக் கௌதாரி என்றும், அடிபட்ட காலோடு வெட்டவெளிக்கு வரப் பயமாக இருக்கிறது என்றும் அது சொன்னது. தவிட்டியின் பேச்சைக் கேட்கத்தான் தினமும் நொண்டி நொண்டி வருகிறதாம். நீலமணியின் பேச்சில் சரக்கே இல்லையாம்.

அந்தக் கடைசி வார்த்தை தவிட்டிக்குத் தேனாக இனித்தது. முகம் தெரியாத ஒருத்தியோடு அவள் அன்றே நெருங்கிவிட்டாள்.

தவிட்டி வாய் திறந்தால் போதும், முதல் பாராட்டு கள்ளிப் புதரிலிருந்துதான் வரும். ஒருநாள் அந்தக் குரல், "மீன்கொத்திக்கு மீன்தானே இருக்கிறது? உனக்குக் குடும்பம் இருக்கிறதே அக்கா. அதைச் சொல்லு, ஊரே தட்டும்" என்றது.

தவிட்டி சொன்னாள். ஒன்பது முட்டை என்றாள். பனங்காட்டு ஓரத்தில் இரட்டைப் பாறைக்குப் பின்னால், காரைப் புதருக்கு அடியில் என்றாள். காலையில் தானும் கணவனும் வெளியே போய்விட்டாலும் முட்டைகளை எவனும் கண்டுபிடிக்க முடியாது என்று பெருமையடித்தாள். முதல் தடவையாக அவளுக்காக மரம் அதிர்ந்தது. உச்சிக் கிளையில் நீலமணிகூடச் சிறகு தட்டினாள். தவிட்டி அவளைப் பார்த்துக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

மறுநாள் அதைவிடப் பெரிதாகச் சொல்ல வேண்டுமென்று வந்தாள். பேசி முடித்தாள். கள்ளிப் புதரிலிருந்து சத்தமே இல்லை. அவள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். அங்கே இறகு ஒன்றுகூட இல்லை. மண்ணில் பதிந்திருந்தவை கீரியின் காலடிகள்.

தவிட்டி பறந்தாள். காரைப் புதருக்குள் கீரி நான்கு முட்டைகளைக் குடித்துவிட்டு ஐந்தாவதை உருட்டிக்கொண்டிருந்தது. எதிர்த்துச் சண்டை போட அவளுக்கு வலு இல்லை. சட்டென்று கீரியின் கண்முன்னே விழுந்து, ஒரு சிறகு ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு ஓடினாள். முட்டையைவிடக் கௌதாரிக் கறி பெரிதென்று கீரி துரத்தியது. அவள் அதைப் பனங்காடு தாண்டி, ஓடை தாண்டி, முள்வேலிக்குள் இழுத்துப் போனாள். கீரி முள்ளில் சிக்கிக்கொண்ட பிறகுதான் மேலே எழுந்தாள்.

திரும்பி வந்தபோது வரியன் உடைந்த ஓடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். இடம் எப்படித் தெரிந்தது என்று கேட்டான்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் தவிட்டி.

வரியன் உடைந்த ஓடுகளை அலகால் பொறுக்கி வெளியே போட்டான். மீதி ஐந்து முட்டைகளையும் சருகால் மூடினான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

சேதி கேட்டு நீலமணி வந்தாள். போன மழையில் கரை சரிந்து, தன் பொந்தும் நான்கு குஞ்சுகளும் மண்ணுக்குள் போய்விட்டதாகச் சொன்னாள். ஒரு கெண்டைக்கு இருபது முறை தண்ணீரில் விழுகிறாளாம்.

"இதையெல்லாம் நீ மரத்தில் ஒருநாளும் சொல்லவில்லையே" என்றாள் தவிட்டி.

"அங்கே யாரக்கா இதைச் சொல்லுவார்கள்?" என்றாள் நீலமணி.

யாரைப் பார்த்து இத்தனை நாள் வெந்தோம் என்று தவிட்டிக்கு வெட்கமாக இருந்தது. அவள் முட்டைகள்மேல் சிறகை விரித்து உட்கார்ந்தாள். நீலமணியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று காட்டில் யாருக்கும் தெரியாது.

நாலு பேர் கூடும் பொது இடத்தில் சேருகிறவர், அங்கே பிறர் காட்டுவதைப் பார்த்துப் பொறாமைப்படவும் கூடாது, முகம் தெரியாதவரின் பாராட்டுக்கு மயங்கித் தன் வீட்டு விவரத்தைச் சொல்லவும் கூடாது.